இல்லாத நோவுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு

டீச்சர் வேலை பார்ப்பதற்கென்று பஞ்சம்மாள் முடிவு செய்து வைத்திருந்த ஊர் பரளச்சி. அந்த ஊரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சுற்றிலும் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி, தறி என்று ஒன்றுகூடக் கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். தறி கிடையாது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அருப்புக்கோட்டையில் அவள் பிறந்த தெருவில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பக்கத்து வீட்டில் பிள்ளை அழுதாலும் கேட்காது, புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொண்டாலும் கேட்காது. அமைதியான ஒரு வகுப்பில் நின்று, தான் பேசுவதைத் தானே கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கும் ஒரு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டியிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் பாடப் பிரிவு எடுக்கச் சொன்னபோதே எல்லாவற்றையும் திட்டம் போட்டாயிற்று. கூட இருந்து திட்டம் போட்டவள் கஸ்தூரி, பலசரக்குக் கடை தங்கசாமி அண்ணாச்சியின் மகள். சிறப்புக் கணக்கு எடுத்தால் காலேஜு, பொதுக் கணக்கு எடுத்தால் டீச்சர் டிரெய்னிங், ஒன்றுமே ஆக வேண்டாமென்றால் மனையியல் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் விளக்கம் சொல்லியிருந்தார்கள். காலேஜு என்றால் வீட்டில் காலை ஒடித்துவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் பொதுக் கணக்கு. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துச் செலக்ஷன் பரீட்சை, அதில் தேறினால் கவர்மென்டுப் பரீட்சை, அப்புறம் மதுரையில் ரெண்டு வருஷம் டிரெய்னிங், அப்புறம் பரளச்சி பஸ்ஸு.

வீட்டில் போய்ச் சொன்னபோது அப்பா சௌடப்பன் தறியை விட்டு நிமிராமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தப் பிரிவா இருந்தாலும் சாயங்காலம் தறிக்கு நூல் தார் சுத்த வந்துருவேல்ல?" வீட்டுக்குள் அவர்கள் பேசுவது கன்னடம். எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி அதேதான்.

சௌடப்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கத்தி எடுக்கிறவர். தசராவில் சௌடம்மன் வீதிக்கு வரும்போது முன்னால் நின்று, அம்மனைக் கூவி அழைத்துக்கொண்டே, மார்பிலும் கையிலும் கத்தி போட்டுக்கொள்கிற ஆட்களில் அவர்தான் முதல் ஆள். ரத்தம் வந்த இடத்தில் அம்மனின் மஞ்சள்பொடியை அப்புவார்கள். வேறு மருந்து கிடையாது. சில நாளில் காயம் ஆறிவிடும். ஆறித்தான் தீர வேண்டும், ஆறாவிட்டால் கத்தி எடுத்தவன் நாக்கில் பொய் இருக்கிறது என்று அந்தத் தெருவில் பேச்சு. அதனால் கத்தி எடுத்த வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. பாகம் பிரிக்கிற சண்டையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். சௌடப்பன் "இது நிசம்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பஞ்சம்மாள் பதினொன்றாம் வகுப்பில் இருந்த அறுபத்தேழாம் வருஷத் தசராவில் கத்தி இடது கையில் கொஞ்சம் ஆழமாகப் பாய்ந்தது. மஞ்சள்பொடி அப்பினார்கள். காயம் ஆறவில்லை. ஐப்பசி அடைமழையில் கை வீங்கிச் சீழ் கோத்தது. நாற்றம் வராமல் இருக்க அவர் மனைவி லிங்கம்மாள் காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். தெருக்காரர்கள் அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அம்மனுக்கு விரதம், தறியில் உட்கார மாட்டேன் என்று சௌடப்பன் தெருவில் சொல்லிவிட்டு, துண்டால் கையை மூடிக்கொண்டு உள்ளறையில் படுத்துவிட்டார்.

முதலாளி கொடுத்த நூலுக்குச் சேலை போய்ச் சேர வேண்டும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். லிங்கம்மாளுக்குத் தார் சுற்றத்தான் வரும், நெய்ய வராது. பஞ்சம்மாளுக்கு வரும். வந்து தொலைத்தது.

அவள் தறிக்குழியில் இறங்கினாள். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்த பலகையில் உட்கார்ந்தாள். "காயம் ஆறுற வரைக்கும்தானம்மா" என்றார் அப்பா. ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் பாதி போயிற்று. காயம் ஆறவில்லை. கடைசியில் காய்ச்சல் கண்டு பிதற்ற ஆரம்பித்தபோது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லி லிங்கம்மாள் அவரைப் பந்தல்குடிக்கு பஸ்ஸேற்றிக் கூட்டிப்போனாள். தூத்துக்குடி ரோட்டில் லாரிக்காரர்களுக்கு ஊசி போடுகிற டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் கீறிச் சீழை எடுத்து, ஊசி போட்டு, பொடி தூவிக் கட்டினார். பொங்கலுக்குள் கை ஆறிவிட்டது. அம்மன் கைவிடுவாளா என்றது தெரு. ஆமாம் என்று சௌடப்பனும் தலையாட்டினார்.

பொய் என்பது அவருக்கு வாயால் சொல்வது மட்டும்தான் போலிருக்கிறது. தலையாட்டுவது கணக்கில் வராது.

இடையில் ஓடிப்போய்ச் செலக்ஷன் பரீட்சையை எழுதிவிட்டு வந்திருந்தாள் பஞ்சம்மாள். நெய்துகொண்டே கஸ்தூரியின் நோட்டை மனப்பாடம் செய்து எழுதியவள், தேறியும் விட்டாள். தை பிறந்து பள்ளிக்கூடம் போனபோது பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"மார்க்கு வாங்கிட்ட, சரி. வருகை எங்க? பள்ளிக்கூடம் நடந்த நாள்ல முக்காவாசியாவது வந்திருக்கணும், தெரியும்ல? உன் பேரை நான் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. அப்பாவைக் கூட்டிட்டு வா."

சௌடப்பன் சட்டை போட்டு, துண்டால் கையை மூடிக்கொண்டு வந்து நின்றார். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். வருஷத்துக்கு இப்படி எத்தனையோ தகப்பன்மாரைப் பார்க்கிறவர், வழியையும் அவரே சொல்லிவிட்டார்.

"செட்டியாரே, புள்ளைக்கு உடம்பு சரியில்லாமப் போச்சுன்னா மேலிடத்துல மன்னிப்பாக. மஞ்சக்காமாலைன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்துருங்க. நான் சிபாரிசு எழுதி அனுப்புறேன்."

"அவளுக்குக் காமாலை வரலீங்களே."

"வந்ததா எழுதி வாங்குங்கன்னுதான சொல்றேன்."

"நான் கத்தி எடுக்குறவன் டீச்சர். எங்க வீட்டுல பொய் கெடையாது." அவர் குரலில் பெருமை இருந்தது. "பெத்த புள்ளைக்கு இல்லாத நோவ இருக்குன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? அம்மன் கேட்டுக்கிட்டே இருப்பா. சொன்னது பலிச்சிருச்சுன்னா?"

"அப்ப ஏன் வரலை? அதையாவது சொல்லுங்க."

சௌடப்பன் துண்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். பஞ்சம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தை பொய் சொன்னால் பரீட்சை எழுதலாம், ஒரு வார்த்தை உண்மை சொன்னால்கூட டீச்சர் மனமிரங்கி ஏதாவது வழி பார்க்கலாம். இரண்டும் இல்லாமல் சுவரைப் போல நிற்கிறாரே என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தானே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் மானம் என்று விழுங்கினாள். அந்த ஒரு விழுங்கலுக்காக அப்புறம் எவ்வளவோ நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இந்த வருஷம் போச்சு. ஜூன்ல வந்து திரும்பவும் பதினொன்னுல உக்காரட்டும்" என்றார் பெரிய டீச்சர், அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே.

பரீட்சை அன்று காலையில் கஸ்தூரி புதுத் தாவணியோடு தெரு வழியாகப் போனாள். வாசலில் நின்று, "ஏ பஞ்சு, போயிட்டு வாரேன்" என்றாள். தறிச் சத்தத்தில் கேட்காதது போல் பஞ்சம்மாள் குனிந்துகொண்டாள்.

ஜூன் மாதம் ஒன்று இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் நெய்தாள். அப்பாவிடம் கேட்டதற்கு, "பாப்பம்" என்றார். அந்த வீட்டில் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று சித்திரையில் தெரிந்தது. பாளையம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வேங்கடபதிக்குச் சொந்தத் தறி உண்டு. அவன் தகப்பனார் அப்பய்யா நல்ல மனிதர், பேச்சுக்காரர். வந்து உட்கார்ந்ததும் சுவரில் மாட்டியிருந்த கத்தியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எத்தனையோ எடத்துல பொண்ணு இருக்கு சௌடப்பா. கத்தி எடுத்த வீடுன்னுதான் நான் இங்க வந்தேன். பொய் பொரட்டு இல்லாத எடத்துல பொண்ணெடுத்தா குடும்பம் தழைக்கும்."

காபி கொடுத்துவிட்டுப் பஞ்சம்மாள் கதவோரம் போய் நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் சாதாரணமாகத்தான் கேட்டாள். "பதினொன்னாப்பு வரைக்கும் போயிட்டுப் பரீட்சை எழுதலியாமே, ஏன்?"

வீடு அமைதியானது. அன்றைக்கு விருந்தாளி வந்ததால் தறியும் ஓடவில்லை. தான் ஆசைப்பட்ட அமைதி இப்படியா வந்து சேர வேண்டும் என்று பஞ்சம்மாளுக்குத் தோன்றியது.

சௌடப்பன் செருமினார். "அவளுக்குப் படிப்பு ஏறலை. ஏதோ இத்தன நாளு போனா. பரீட்சைன்னதும் பயந்துக்கிட்டு, அவளே வேண்டாம்னுட்டா."

சொன்னது கத்தி எடுத்த நாக்கு. சொன்ன இடம் கத்திக்குக் கீழே. குரல் தடுமாறவில்லை, கண் இமைக்கவில்லை. பெற்ற மகளைப் பரீட்சைக்கு அனுப்ப வராத பொய், அவளை மக்கு என்று சொல்ல வந்துவிட்டது.

பஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெறும் கோபம் என்று சொன்னால் போதாது. இத்தனை மாதம் தறியில் உட்கார்ந்து காப்பாற்றிய ஆள் தன்னைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்ட துக்கம் அது. கதவோரத்தை விட்டு நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"எனக்கு டீப்பி" என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஐப்பசியிலருந்து இருமல். ரத்தமாத் துப்புனேன். அதான் பள்ளிக்கூடம் போகலை. பந்தல்குடியில போயி ஊசி போட்டுட்டு வந்தாக. வெளிய தெரியக் கூடாதுன்னு சாம்பிராணி போட்டு வச்சாக. வேணும்னா தெருவுல கேட்டுப் பாருங்க."

லிங்கம்மாள் "அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாயார் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தாள், அதை வைத்த கையைச் சேலையில் துடைத்தாள். அப்பய்யா பஞ்சம்மாளைப் பார்க்கவில்லை. சௌடப்பனைத்தான் பார்த்தார்.

"சௌடப்பா, நீ சொல்லு. நிசமா?"

அந்த நொடியில் எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. துண்டை எடுத்து, தழும்பைக் காட்டி, ஊசி போட்டது எனக்கு, சாம்பிராணி போட்டது என் சீழுக்கு, என் மகள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் தீர்ந்தது. பஞ்சம்மாளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். எப்படியும் சொல்லிவிடுவார், சம்பந்தம் முறிந்தாலும் உண்மை வெளியே வந்துவிடும், ஜூனில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று அந்த ஆத்திரத்திலும் அவள் நம்பினாள். நாளைக்கு அந்தப் பொய் எந்தெந்த வீட்டுத் திண்ணைக்குப் போகும் என்று யோசிக்கிற வயதா அது?

சௌடப்பனின் கை துண்டின் நுனியைப் பிடித்தது. சுவரில் இருந்த கத்தியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பய்யா எழுந்துவிட்டார். "சொல்லாம விட்டுருந்தா எங்க குடும்பமே போயிருக்குமே" என்று பஞ்சம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். "கத்தி எடுத்த வீட்டுப் பொண்ணு. உண்மையச் சொல்லிருச்சு." அவர் குரல் தழுதழுத்தது. மனிதர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.

பாளையம்பட்டிக்கு டவுன் பஸ் போய்ச் சேர்வதற்குள் சேதி தெருவெல்லாம் போய்விட்டது. சாம்பிராணி வாசனை, பந்தல்குடி பயணம், பள்ளிக்கூடம் போகாத மாதங்கள் எல்லாம் அவரவர் மனதில் பொருந்தி உட்கார்ந்தன. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தாள். லிங்கம்மாள் வீடு வீடாகப் போய் இல்லை என்று அழுதாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்றார்கள்.

ஜூன் பிறந்தது. இந்த முறை சௌடப்பன் தானாகவே பந்தல்குடிக்கு மகளைக் கூட்டிப்போனார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, முதுகைத் தட்டிப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு இருவரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பெரிய டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"செட்டியாரே, இல்லாத நோவ எழுதித் தார டாக்டரு இருக்காருன்னு நாந்தான் உங்களுக்குச் சொன்னேன். அப்ப இருக்குற நோவ இல்லைன்னு எழுதித் தார டாக்டரும் இருப்பாருல்ல?"

"இது நிசம் டீச்சர்."

"அன்னைக்கு நான் கேட்டது மேலிடத்துக்கு. இன்னைக்கு இது எம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு. புள்ளைகளப் பெத்தவுக நாலு பேரு ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாக. அந்தப் புள்ளையச் சேத்தா எம்புள்ளைக்கு டி.சி. குடுங்கங்குறாக. நீங்க மதுரையில போயி நெஞ்சைப் படம் எடுத்துட்டு வந்தாலும் அவுக நம்பணுமே. உங்க மக அவ வாயாலயே சொன்னாளாமே."

சௌடப்பன் நின்றார். திடீரென்று தோளிலிருந்த துண்டை உருவினார், சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கைக்குக் கீழே பள்ளமும் மேடுமாக, கருத்துச் சுருங்கிய தழும்பு.

"எனக்குத்தான் டீச்சர் நோவு. கத்திக் காயம் ஆறலை. சீழ் புடிச்சிருச்சு. இவ எனக்குப் பதிலா தறியில உக்காந்தா. அதான் வரலை. ஊசி போட்டது எனக்கு. எம்மகளுக்கு ஒண்ணுமே இல்லை."

சொல்லிவிட்டார். தெருவில் சொல்லியிருந்தால் அவரைக் கவிழ்த்திருக்கும் சொல். அம்மன் வீதிக்கு வரும்போது முன்னால் நிற்கும் இடத்தைப் பறித்திருக்கும் சொல். பெரிய டீச்சர் அந்த ஊர்க்காரர் இல்லை, அவருக்குக் கத்தியும் தெரியாது, ஆறாத காயத்தின் அர்த்தமும் தெரியாது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தழும்பைப் பார்த்தார்.

"அடப் பாவமே. கையில காயம்னா அன்னைக்கே சொல்றதுக்கென்ன? இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றார். பிறகு சர்ட்டிபிகேட்டை மடித்து அவரிடமே நீட்டினார். "இப்பச் சொல்லி என்ன செய்ய? கூட்டிட்டுப் போங்க."

வெளியே வெயில் கொளுத்தியது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்திருந்த தெருக்காரப் பெண் ஒருத்தி பஞ்சம்மாளைக் கண்டதும் தன் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஞ்சம்மாள் தலையை நிமிர்த்தியே நடந்தாள். அழுகை வரவில்லை.

பாதி வழியில் சௌடப்பன் கேட்டார். "ஏம்மா அப்பிடிச் சொன்ன? வேற எந்தப் பொய்யும் கெடைக்கலியா?"

"எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாகப்பா. நம்ம வீட்டுல பொய் கெடையாதுல்ல."

சிறிது தூரம் நடந்ததும் அவர், "தெருவுலயும் சொல்லிருதேன். இப்பவே சொல்லிருதேன்" என்று முணுமுணுத்தார். பஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். சட்டைக் கை இன்னும் மேலேதான் ஏறியிருந்தது, தழும்பு வெயிலில் பளபளத்தது. பள்ளிக்கூடம் போய்விட்டது, பரளச்சி போய்விட்டது. ஆனாலும் இவர் இப்படியே தெருவுக்குள் நடந்து வந்தால், அந்தப் பெண் தன் மகளை இழுத்துக்கொள்வதாவது நிற்கும். அதற்காகவாவது அவள் மனம் ஒரு கணம் அடித்துக்கொண்டது.

தெரு முனை வந்தது. தறிச் சத்தம் காதில் விழுந்தது. யாரோ வாசலில் நின்று, "என்ன அண்ணே, வெயில்ல?" என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

சௌடப்பன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொண்டார். "சும்மாதான்" என்றார்.

பஞ்சம்மாள் அவருக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் போனாள். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினாள். அம்மா தார் எடுத்துக் கொடுத்தாள்.